ஆங்கிலத்தில் மட்டும் செத்தவர்

ஐந்து ஆங்கிலேயப் பெண்கள் குடியிருப்பின் பொதுச் சலவை அறையின் ஜன்னலைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மாடியிலிருந்து அனெலி எட்டிப் பார்த்தாள். ஒருத்தி கையில் அனெலி எழுதிய நாவல். சனியன், ஆங்கிலப் பதிப்பு.

ஸ்வீடிஷில் அவள் எழுதியது சாதுவான கதை. யேவ்லே நகரத்துக் குடியிருப்பு ஒன்றில் யாருக்கு எப்போது சலவை முறை என்று சண்டை போட்டு, கடைசியில் சமாதானமாகிறார்கள். லண்டன் பதிப்பாளர் படித்துவிட்டு, "அருமை. பிணம் எங்கே?" என்று கேட்டார். ஸ்வீடன்காரர்கள் கொலை செய்யாவிட்டால் அவருடைய வாசகர்களுக்குத் தூக்கம் வராதாம். ஆகவே ஆங்கிலத்தில் மட்டும், குடியிருப்போர் சங்கத் தலைவரை உலர்த்தும் அறையில் வைத்துக் கொன்றாள்.

நிஜத் தலைவர் கீழ்வீட்டு ஸ்டெல்லன். 'இயந்திரத்தில் துணிப்பஞ்சை விட்டுப்போனவர் யாரென்று எனக்குத் தெரியும்' என்று சீட்டு ஒட்டுகிறவர். அந்தச் சீட்டைக்கூட அனெலி நாவலில் சேர்த்திருந்தாள். சொந்த மொழியில் படித்ததை யார் ஆங்கிலத்தில் மறுபடி படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். இப்போது தெரிந்துவிட்டால்? பெயர் பதிந்து பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த வீடு இது. தினமும் படிக்கட்டில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

கீழே ஓடினாள். "இங்க ஒண்ணும் நடக்கலை. கிளம்புங்க."

"மறைக்கிறாங்க பாரு," என்றாள் ஒருத்தி குஷியாக.

கதவு திறந்தது. ஸ்டெல்லன்.

"யாரு அனெலி இவங்க?"

"வாஷிங் மெஷின் பார்க்க வந்திருக்காங்க. இங்கிலாந்துலேர்ந்து."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா? அப்ப உலர்த்தற அறையையும் காட்டிடலாம்."

"வேண்டாம். அங்க எலி இருக்கு."

"தலைவர் எனக்குத் தெரியாம எலியா? வாங்க, பார்த்துடுவோம். நீங்க முதல்ல."

உள்ளே வெக்கையும் அரையிருட்டும். பெண்கள் ஸ்டெல்லனைப் பார்க்கவே இல்லை, அனெலியையே பார்த்தார்கள். ஒருத்தி அவளையும் கூரைக் கொக்கியையும் மாறிமாறிப் பார்த்தாள். இதற்கு மேல் தாங்காது.

"ஸ்டெல்லன், மன்னிச்சிடுங்க. இங்கிலீஷ்ல உங்களைக் கொன்னுட்டேன்."

"தெரியும். நூத்திப் பன்னெண்டாம் பக்கம்." அவர் குனிந்து உலர்த்தும் இயந்திரத்திலிருந்த பஞ்சை எடுத்தார். "நல்லாத்தான் இருந்தது. நான் போய் எல்லாருக்கும் காபி கொண்டுவரேன்."

போய்விட்டார். கோபமே இல்லை. இத்தனை நாள் பயந்து செத்ததை நினைத்து அனெலிக்குச் சிரிப்பு வந்தது. நாவலை வைத்திருந்தவள் பேனாவை நீட்டினாள்.

"ஒரு கையெழுத்து. இன்னிக்கே போட்டுடுங்க."

"மேல வாங்களேன், நிதானமா போட்டுத்தரேன். என்ன அவசரம்?"

"ரெண்டாம் பாகத்தை ஸ்டெல்லன்தானே எழுதறார்? நீங்க சாகப்போற இடத்தைக் காட்டறேன்னு அவர்தான் எங்களை வரச் சொன்னார்."