தொம் அண்ணனும் ஆளுயரப் பெட்டிகளும்

தமிழ்நாட்டில் உலை வைக்கும் பானையைப் பாட வைத்த முதல் மனிதர் திண்டிவனத்தில்தான் இருந்தார். இதை மறுப்பவர்கள் அநேகமாக விழுப்புரத்துக்காரர்களாக இருப்பார்கள். அவர்கள் பேச்சை நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்கு அந்த ஊரில் குமாஸ்தா உத்தியோகம். மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கீழே டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை. கடைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டு தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஊருக்கு அவர் தொம் அண்ணன். எந்தப் பாட்டைப் போட்டாலும் அவர் காது தேடுவது தவிலும் தபேலாவும் அடியிலிருந்து எழுப்பும் அந்த ‘தொம்’மை மட்டும்தான்.

“பாடறவனுக்குத் தொண்ட கட்டிக்கினாகூட பாட்டு பொழச்சிக்கும் சார். தொம் கட்டிக்கிச்சின்னா எழவு வூடுதான்” என்பார்.

அவருடைய செட்டில் சுவர்ப் பலகைமேல் பிஸ்கட் டின் அளவுக்கு இரண்டு சின்னப் பெட்டிகள். மூலையில் ஒரு மண்பானை. பானையின் கழுத்துக்குள் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை இறக்கி, வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருப்பார். சின்னப் பெட்டிகள் பாடும். பானை தொம் போடும். கடை வாசலில் நிற்பவனுக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ உட்கார்ந்து தட்டுவது போல இருக்கும். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் நிறைய. நானே ஆபீசுக்குப் பலநாள் தாமதமாகப் போயிருக்கிறேன்.

பானை வாங்க அவர் போனால் குயவர் வீட்டில் கலவரம்தான். ஒவ்வொரு பானைக்குள்ளும் தலையை விட்டு “தொம்” என்று கத்திப் பார்ப்பார். “சோறாக்கவா, கொழம்பு வைக்கவா?” என்று கேட்டால் “பாட” என்பார். குயவர் பிறகு கேட்பதை விட்டுவிட்டார். வீட்டில் அண்ணி வாங்கி வைத்த பானைகளும் ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்து சேர்ந்தன. “ஊர்ல ஆம்பளைங்க சம்பாரிச்சி வூட்டுக்குப் பானை வாங்கியாருவாங்க. இந்த மனுசன் வூட்ல இருக்கற பானைய எடுத்துக்கினு ஓடுது” என்று அவர் அலுமினியக் குண்டானில் சோறு வடித்தபடி தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

ஒருநாள் வெள்ளைக்காரர்கள் குடியேறியிருந்த குயிலாப்பாளையம் பக்கத்திலிருந்து அவர்களில் ஒருவர் மொபெட்டில் டேப் ரிப்பேருக்கு வந்தார். பானைக்குப் பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டுவிட்டு, அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டுப் போனார். அன்றிலிருந்து அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. “ஃபாரின்காரனே கும்புட்டுட்டான் சார். உள்ளூர்க்காரனுக்கு இன்னா பேஜாரு?”

உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு பேஜாரும் இல்லை. இருந்தது விழுப்புரத்துக்காரர் ஒருவருக்குத்தான். அங்கே கடை வைத்திருந்த அவரை எல்லோரும் ‘பெரிய பெட்டி’ என்பார்கள். தரையில் நிறுத்தினால் ஆள் உயரத்துக்கு நிற்கும் மர ஸ்பீக்கர் பெட்டிகள் செய்வார். வார்னிஷ் பளபளப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம். “பானையில பாட்டு கேக்கறவன் பொட்டியில சோறாக்குவானா?” என்று அவர் கேட்டது திண்டிவனம் வரை வந்து சேர்ந்தது.

எங்கள் ஊரில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த முதலாளி புது வீடு கட்டினார். ஹாலுக்கு ஸ்பீக்கர் வைக்க வேண்டும். பெட்டியா பானையா என்று தெரியாமல் இருவரையுமே மண்டிக்கு வரச்சொன்னார். மூட்டைகளுக்கு நடுவே வாய்ச்சண்டை முற்றியது.

“கிரகப்பிரவேசத்தன்னிக்கு ரெண்டையும் போடலாம். நீ தோத்துட்டன்னா பானைய ஒடச்சிப்புட்டு நம்ம கடைக்கு வேலைக்கு வந்துடணும்” என்றார் பெரிய பெட்டி.

“வர்றேன்யா. நீ தோத்தா?”

பெரிய பெட்டி சிரித்தார். அப்படி ஒன்று நடக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பந்தயச் சேதி கேட்டுத் தெருவே சுருண்டுவிட்டது. தொம் இல்லாத சாயங்காலத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் அண்ணி கடைக்கு வந்தார். கையில் பொங்கலுக்கென்று பரணில் ஒளித்து வைத்திருந்த புதுப்பானை.

“இதுல பாட வை. விழுப்புரத்துல போயி எவன்கிட்டயும் கைகட்டி நிக்கக்கூடாது நீ” என்று வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அண்ணன் அந்தப் பானையைத் தட்டக்கூட இல்லை. அப்படியே தோளில் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையிலேயே ஹாலில் ஆளுயரப் பெட்டிகள் துவாரபாலகர்கள் மாதிரி நின்றன. அண்ணனுடைய சின்னப் பெட்டிகள் சாமி படங்கள் இருந்த பலகையில், மாலைகளுக்குப் பின்னால் ஒளிந்தன. ஸ்பீக்கர் இறக்கிய புதுப்பானை மூலைக்குப் போனது. இதை முடித்துவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போனதுதான் தப்பு.

திரும்பி வந்தால் அண்ணன் அலறினார். கிரகப்பிரவேச வீட்டு ஈசானிய மூலையில், வாயில் துணி கட்டிய புதுப்பானை. பார்த்த பெண்கள் சும்மா விடுவார்களா? மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் நூல் சுற்றி, மேலே மாவிலையும் தேங்காயும் வைத்துவிட்டார்கள். ஐயரும் இன்னொரு கலசம் என்று நினைத்துத் தீபாராதனை காட்டி முடித்திருந்தார்.

“வாயில தேங்காய வெச்சி அடைச்சா அது எப்பிடி சார் பேசும்?” என்று பாய்ந்தவரை முதலாளியம்மா தடுத்தார். “பூஜ போட்டதுப்பா. இன்னிக்கிப் பொழுதுக்கும் கை வைக்கக்கூடாது.” அண்ணன் முகத்தில் விழுப்புரம் தெரிந்தது.

முதலில் ஆளுயரப் பெட்டிகள் முழங்கின. நாதஸ்வர கேசட். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே இருந்தது. பாதி கேசட்டில் பந்திக்கு இலை போட, ஊர் மொத்தமும் பந்தலுக்கு ஓடியது. பெரிய பெட்டிதான் முதல் வரிசை. சாப்பிடாமல் நின்றவர்கள் அண்ணனும் நானும் மட்டுமே. அண்ணன் ஆளுயரப் பெட்டிகளின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, டேப்பில் தன் செட்டை மாட்டினார். அதே கேசட்டை முதலிலிருந்து போட்டார்.

சாப்பிட்டு முடித்த கூட்டம் ஏப்பத்தோடு உள்ளே வந்தது. தவில் இறங்கியபோது தரை அதிர்ந்தது. எல்லோருடைய கண்ணும் ஆளுயரப் பெட்டிகள்மேல் போய் ஒட்டிக்கொண்டது. பெரிய பெட்டி கையைத் துடைத்துக்கொண்டே தன் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

“பாத்தீங்களா மொதலாளி, பொட்டி சூடேறிட்ச்சி. இப்பத்தான் நெஜமான தொம் வருது. பானைலாம் கிட்ட வர முடியுமா?”

“ஆமாய்யா, நெஞ்சே குலுங்குது” என்றார் முதலாளி.

அப்போது மூலையிலிருந்து முதலாளியம்மாவின் குரல் கிழிந்தது. “ஐயோ, தேங்கா ஆடுது!”

ஆடியது. வெறுமனே அல்ல, தாளம் தப்பாமல். ஒவ்வொரு தொம்முக்கும் ஒரு குதி, மாவிலைகள் சிலுசிலுத்தன. ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் கற்பூரம் தேடி ஓடினார். பெரிய பெட்டி மட்டும் மெல்லத் தன் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒயர், அறுந்த பல்லி வால் மாதிரி தரையில் கிடந்தது.

ஹாலில் இருந்த அத்தனை தலையும் பெட்டியிலிருந்து பானைக்குத் திரும்பியது. அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றார். நான் பார்த்த வரையில் அந்த உயரத்துக்கு எந்தப் பெட்டியும் நின்றதில்லை.

பெரிய பெட்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். “நாந்தான் தோத்தேன். இன்னா செய்யணும், சொல்லு.”

“ஒண்ணியும் வாணாம். இனிமே தொம் எங்கருந்து வருதுன்னு எவனாச்சும் கேட்டா, திண்டிவனத்துலருந்துன்னு சொல்லு. போதும்.”

முதலாளி இரண்டையுமே வைத்துக்கொண்டார். “வர்றவன் கண்ணுக்குப் பெட்டி, காதுக்குப் பானை” என்பது அவர் தீர்ப்பு. அந்த ஆளுயரப் பெட்டிகள் ஒயர் இல்லாமலே ஊரெல்லாம் புகழ் வாங்கின. அண்ணிக்கு அண்ணன் அன்று சாயங்காலமே புதுப்பானை வாங்கிக் கொடுத்தார். அதற்குள் தலையை விட்டுக் கத்திப் பார்க்காமல் அவர் வாங்கிய ஒரே பானை அதுதான்.

சமீபத்தில் என் மகன் வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கினான். அலமாரியில் வைக்க இரண்டு சின்னப் பெட்டிகள், தொம்முக்குத் தனியாக ஒரு கறுப்புப் பெட்டி. மாட்ட வந்த பையன் எனக்குப் பொறுமையாகப் பாடம் எடுத்தான்: “இத எந்த மூலைல வெச்சாலும் பரவால்ல அங்கிள். சத்தம் எங்கருந்து வருதுன்னே தெரியாது.”

“எனக்குத் தெரியும்ப்பா, திண்டிவனத்துலருந்து” என்றேன்.

அவன் போன பிறகு பூஜை அலமாரியிலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து, அந்தக் கறுப்புப் பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தேன்.