நான் குறை சொல்லி வாங்கிய வீடு

வீடு வாங்கப் போகிறவன் அந்த வீட்டைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது எங்கள் கடலூர்ப் பக்கத்து எழுதாத சட்டம். மனசுக்குள் அரண்மனை என்று தோன்றினாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் உள்ளே நுழைய வேண்டும். "கிச்சன் சின்னதா இருக்கே" என்று ஆரம்பித்து, "தெக்குப் பாத்த வாசலா, ம்ம்" என்று இழுத்து, ஏதோ போனால் போகிறது என்று வாங்கிக்கொள்கிற தோரணையில் விலையைக் கேட்க வேண்டும். இந்தக் கலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள்.

எனக்குக் கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. மனைவி ஸ்டெல்லா சிதம்பரத்தில் நர்ஸ். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய்வந்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. சிதம்பரத்தில் வீடு வாங்கினால் அவள் நடந்தே வேலைக்குப் போகலாம், பஸ்ஸில் இடிபடுவது என் பங்காகிவிடும் (இது அவள் போட்ட திட்டம், என்னை யாரும் கேட்கவில்லை). வீட்டுக் கடன் வட்டி ஏறிக்கொண்டே போனபோது, "கொறையட்டும், அப்பறம் வாங்கிக்கலாம்" என்று பொருளாதார மேதை போலக் காத்திருந்தேன். ஒருவழியாக வட்டி குறைந்தது. குறைந்த பிறகுதான் தெரிந்தது, ஊரே என்னைப் போலக் காத்திருந்திருக்கிறது. வட்டி இறங்க இறங்க வீட்டு விலை ஏறியது. நாங்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வருவதற்குள் வேறு யாராவது அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள்.

அப்படிப் பல வீடுகளைக் கோட்டைவிட்ட பிறகு கிடைத்ததுதான் ராமலிங்கம் சாரின் வீடு. யாரும் குடியில்லாமல், புதுப் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. ஸ்டெல்லா வாசலிலேயே நின்று, "இதாங்க நம்ம வீடு" என்றாள். (விற்கிறவர் காதில் விழும்படி. இப்படியா பேரம் பேசுவது.) அப்புறம் நான் முகத்தை எவ்வளவு சுளித்தும் பலிக்கவில்லை. அவர் சொன்ன விலைக்கே அக்ரிமென்ட் போட்டோம். ஸ்டெல்லாவின் நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுத்தோம்.

"கெடுவுக்குள்ள லோன் வந்துடணும் தம்பி. இன்னொரு பார்ட்டி ஜாஸ்தி தரேன்னு நிக்கிறாரு" என்றார் ராமலிங்கம் சார். அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. தெருவில் யார் அந்த வீட்டை நிமிர்ந்து பார்த்தாலும் அந்த இன்னொரு பார்ட்டி இவர்தானோ என்று முறைத்தேன்.

பேங்க் மேனேஜர் எல்லா விதியையும் பொறுமையாக விளக்கினார். முன்பு மாதிரி அக்ரிமென்ட் விலையை மட்டும் பார்த்துக் கடன் தருவதில்லையாம். பேங்க்கே ஒரு இன்ஜினியரை அனுப்பி வீட்டுக்கு விலை போடுமாம். அவர் போடுகிற விலை, அக்ரிமென்ட் விலை இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கடனாம். நான் தலையை ஆட்டிக்கொண்டே ஜன்னல் ஸ்கிரீன் என்ன கலரில் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஸ்கிரீனுக்கு அளவெடுக்கத்தான் ஒருநாள் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் போனேன். வீடு திறந்திருந்தது. ஹாலில் ஒருவர் டேப்பை நீட்டிச் சுவரை அளந்துகொண்டிருந்தார். போனில் படம் எடுத்தார். திருப்தியாகத் தலையை வேறு ஆட்டினார். வந்துவிட்டான் இன்னொரு பார்ட்டி.

"நீங்க யாரு சார்?" என்றார்.

"பக்கத்து வீடுதான்" என்றேன் கூசாமல். "சார் மொகத்தப் பாத்தா நல்லவரா தெரியுது, அதான் சொல்றேன். மழ வந்தா இந்தத் தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி நிக்கும். போர் தண்ணி வாயில வைக்க முடியாது, ஒரே உப்பு. கொல்லப்பக்கம் பாம்பு நடமாட்டம்."

"அப்படியா?"

அவர் அக்கறையாகக் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஹால் சீலிங்கில் ஒரு மூலையைக் குத்துமதிப்பாகக் காட்டி, "இங்க பாருங்க சார், ஒழுகும். பெயின்ட் அடிச்சு மறச்சிட்டாங்க. எந்த நேரம் தலைல விழுமோ, அவுங்களுக்கே தெரியாது" என்றேன். அவர் அதையும் படம் எடுத்துக்கொண்டார். அவர் வீட்டைப் பூட்டியதும் தெருமுனையில் டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன். ஒரு எதிரியை ஒழித்த வீரனாக அன்று கடலூர் திரும்பினேன்.

அடுத்த வாரம் பேங்க்கில் மேனேஜர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். "இன்ஜினியர் வெலையக் கொறச்சுப் போட்டுட்டாரு. லோனும் கொறையும், மிச்சத்த நீங்கதான் கையிலேந்து போடணும். பக்கத்து வீட்டுக்காரரு ஒருத்தரு எல்லா விஷயத்தையும் சொன்னாராம்" என்று ஒரு போட்டோவை நீட்டினார். சீலிங்கைக் காட்டியபடி, வாயைப் பிளந்து, நான்.

ஸ்டெல்லா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்தப் பக்கத்து வீட்டுக்காரரு போட்டிருக்குற சட்ட, ஈஸ்டருக்கு நான் எடுத்துக் குடுத்தது மாதிரியே இருக்கே" என்றாள். அவள் நகை, அவள் வீடு, எல்லாம் என் வாயால் போயிற்று என்று நினைத்தபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. செத்தால் தேவலை என்று இருந்தது.

மேனேஜர் தொடர்ந்தார். "அவரு சொன்னதுல வெள்ளம், உப்புத்தண்ணி, பாம்பு எல்லாம் பொய்யாம், விசாரிச்சிட்டாரு. ஆனா மறுநாள் சுத்தியல் எடுத்துட்டுப் போயி அந்த மூலையத் தட்டிப் பாத்திருக்காரு. காரை பொத்துனு விழுந்துருக்கு. உள்ள கம்பி பூரா துரு. ஹால் சீலிங்க பாதிக்கு மேல பிரிச்சுத்தான் கட்டணுமாம்."

ஸ்டெல்லா போட்டோவை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு எழுந்தாள். நேரே ராமலிங்கம் சார் குடியிருக்கும் வீட்டுக்குப் போனோம். நிலைமையைக் கேட்டதும் அவர் விறைத்துக்கொண்டு, "அப்ப அந்த இன்னொரு பார்ட்டிக்கே குடுத்துக்கறேம்மா" என்றார்.

"தாராளமா குடுங்க சார்" என்றாள் ஸ்டெல்லா, ஊசி போடும்போது பேசுகிற அதே மெல்லிய குரலில். "அவரும் லோன் போட்டுத்தான வாங்குவாரு? அவரு பேங்க்லேந்தும் ஒரு இன்ஜினியர் சுத்தியலோட வருவாரு. மிச்ச சீலிங்கும் விழுந்துடப் போவுது, பாத்துக்குங்க."

ராமலிங்கம் சார் காபி கொண்டுவரச் சொன்னார். டம்ளர் காலியாவதற்குள் இன்ஜினியர் போட்ட விலைக்கே இறங்கி, ரிப்பேர் செலவையும் கழித்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். கெடுவுக்குள் பத்திரம் பதிந்தோம். சீலிங்கைப் பிரித்த கொத்தனார், இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கியிருக்காது என்றார். அந்த இடத்துக்கு நேர் கீழேதான் கட்டில் போடுவதாக இருந்தோம். இப்போது ஸ்டெல்லா நடந்து வேலைக்குப் போகிறாள், நகையையும் மீட்டுவிட்டோம். நான் பஸ்ஸில் நின்றுகொண்டே, ஆனால் மார்பை நிமிர்த்திக்கொண்டு, குடிகாட்டுக்குப் போகிறேன்.

இந்தக் கதை சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. யார் வீடு பார்க்கப் போனாலும் வண்டியில் எனக்கு ஒரு சீட் உண்டு. போன மாதம் ஸ்டெல்லாவின் தம்பி அருள் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு பார்க்க என்னைக் கூப்பிட்டான். நான் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரும்பவும் போன் செய்தான்.

"மாமா, நீங்க வர வேணாம். நீங்க வர்றீங்கன்னு புரோக்கர் போய்ச் சொன்னதுக்கே வீட்டுக்காரரு ரெண்டு லட்சம் கொறச்சிட்டாரு."