தறிச் சத்தத்தை நிறுத்திய அங்குலம்

காஞ்சிபுரத்தில் அங்குலம் அளக்காத முதுகே கிடையாது. கோயில் யானையைத் தவிர என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதையும் ஒரு நாள் பாகனுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்து அளந்துவிட்டான் என்பது நினைவுக்கு வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டு நெசவாளியின் ஒரே பிள்ளை அவன். சென்னைக்குப் போய், புழங்குகிற சாமான்களுக்கு வடிவம் போடும் படிப்புப் படித்தான். திரும்பி வந்தபோது இடுப்பில் மடக்கு அளவுகோல் ஒன்று செருகியிருந்தது. அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயிற்று. ஊருக்கே அவன் அங்குலம்.

எதைப் பார்த்தாலும், "இது தப்பா செஞ்சிருக்குதுபா" என்பான். கதவுத் தாழ்ப்பாள் தப்பு, கிணற்று ராட்டினம் தப்பு. என் மூக்குக்கண்ணாடி நழுவுவதைப் பார்த்துவிட்டு, கண்ணாடி சரி, மூக்குதான் தப்பு என்று சொன்ன மகானுபாவன்.

ஜட்கா சாயபுதான் முதலில் மாட்டினார். உட்காருகிறவர்கள் கால் நீட்ட இடம் வேண்டும் என்று வண்டிப் பலகையைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்திக் கொடுத்தான். கனத்த சரீரமுள்ள வக்கீல் ஒருவர் ஏறி உட்கார்ந்தார். பின்பாரம் தாங்காமல் குதிரையின் முன்னங்கால்கள் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன.

"தம்பி, நான் இன்னா குதுர ஓட்றதா, காத்தாடி வுட்றதா?" என்று சாயபு கத்தினார்.

"வண்டி சரியாத்தான் இருக்குது சாயபு. வக்கீலுதான் அளவுக்கு மேல வளந்துட்டாரு" என்றான் அங்குலம்.

நைனா என்று அவன் கூப்பிடும் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "த பாரு, கருட சேவைக்குள்ள நீ செஞ்ச சாமான் ஒன்னையாவது யாராவது எனக்கு வோணும்னு கேக்கணும். இல்லாங்காட்டி பேசாம தறிக்குழியில எறங்கிடு" என்று கெடு வைத்தார். அங்குலம் என்னிடம் வந்து அழுதான். நெசவும் வராது, படித்ததும் வீணாகிறது என்றால் வேறென்ன செய்வான்?

தறிக்காரர்கள் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு, முதுகுக்கு ஒரு பிடிப்பும் இல்லாமல் நாள் முழுக்கக் குனிந்து நெய்கிறார்கள். அங்குலத்துக்கு அதில்தான் பொறி தட்டியது. ஒவ்வொரு குழி விளிம்பிலும் ஒரு சாய்வுப் பலகை! சும்மாதானே தருகிறான் என்று தெருவே அளவெடுக்க முதுகைக் காட்டியது. நைனா மட்டும் கிட்டே விடவில்லை. "தறியில குந்தினவன் முதுகுன்னு ஒன்னு இருக்கறதையே மறந்துடணும்டா" என்றார்.

கருட சேவைக்கு முதல் நாள் பலகைகளைப் பொருத்தினான். காலையில் ஒரே புகழ்ச்சி. நைனா சரிகை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மற்றவர்கள் பகல் சாப்பாட்டை முடித்துத் தறியில் இறங்கினார்கள், சாய்ந்தார்கள். சாய்ந்தவர்கள் சாய்ந்தவர்கள்தான்.

எங்கள் தெருவில் பட்டப்பகலில் தறிச் சத்தம் நின்றால் சாவு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த தெருக்காரர்கள் "யாருபா பூட்டாங்க?" என்று ஓடி வந்தார்கள். சங்கு ஊதுகிறவர் யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தார். உள்ளே எட்டிப் பார்த்தால் வீட்டுக்கு வீடு ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார். "ஐயோ, மொத்தத் தெருவுமா!" என்று ஒரு அம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். சங்கு முழங்கியது. அத்தனை பிணங்களும் துள்ளி எழுந்து, வாசலுக்கு ஓடிவந்து, "யாருபா பூட்டாங்க?" என்று கேட்டன.

பட்டு முதலாளி வந்து குதித்த குதியில் பலகைகளெல்லாம் அன்று மாலையே பிடுங்கப்பட்டு அங்குலத்தின் வீட்டு வாசலில் குவிந்தன. நைனா திட்டுவதற்குப் பதில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் அடுக்கி வைத்தார். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் தறிகளுக்கு விடுமுறை. ஊரே கருட சேவைக்குப் போய்விட்டது. அங்குலம் அளவுகோலை என் கையில் கொடுத்துவிட்டு, "வாபா, குழியில எறங்கிப் பாத்துடலாம்" என்று தறி இருந்த கூடத்துக்குள் போனான். நானும் பின்னால் போனேன்.

குழியில் நைனா உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை.

"இன்னாடா முழிக்கற? இது எனக்கு வோணும். ஆனா மேல குத்துது பாரு" என்றார்.

முதுகுதான் தப்பு என்று சொல்லித் தொலைக்கப் போகிறானே என்று நான் நடுங்கினேன். அவன் முகமோ மலர்ந்துவிட்டது.

இன்று சென்னையில் கம்பெனிகளுக்கு நாற்காலி வரைந்து கொடுத்துப் பேரோடு இருக்கிறான். யாராவது குத்துகிறது என்றால் இன்னும் முகம் மலர்ந்துவிடுகிறது. பிள்ளையார்பாளையத்தில் அவன் பெயரை எடுத்தால் சங்குக் கதையைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனால் அன்று நான் அளவுகோலை நீட்டியபோது அவன் வாங்கவில்லை. நைனாவின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்தான். பிறகு இழைப்புளியை எடுத்துப் பலகையைச் சீவினான். மறுபடி தடவினான், மறுபடி சீவினான். எனக்கு அங்குலம் என்றால் அந்தக் கைதான்.