சூனியக் குறைபாடு

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் போகும் சாலையில் உள்ள ஆறுமுகசாமியின் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, நாக்பூரிலிருந்து நாற்பது பண்டல் தீப்பெட்டி திரும்பி வந்தது. பத்துக் குச்சி கிழித்தால் மூன்று எரியவில்லை என்று ஒரு கடிதமும் கூடவே வந்தது.

மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் முந்நூறு பேர் நின்றார்கள். தீ விபத்து இல்லை, கூலித் தகராறு இல்லை. ஊசல் சித்தர் தங்கச்சாமி வருகிறார் என்று செய்தி பரவியிருந்தது, அவ்வளவுதான்.

எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து ஒருவர் போர்வெல் மோட்டாரைக் கழற்றி டிராக்டரில் ஏற்றி வந்திருந்தார். மணியாச்சியிலிருந்து ஒரு பெண் தையல் மிஷினை ரயிலில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மக்காச்சோள விதை மூட்டை மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விதை முளைக்குமா என்று சித்தர் சொல்ல வேண்டுமாம். நான்கு விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தால் விதையே சொல்லிவிடும். ஆனால் விதைக்கு யார் தட்சிணை வைக்கிறார்கள்?

சித்தர் வெள்ளைக் காரில் வந்தார். காரின் முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கியது. இன்சூரன்சும் கட்டியிருந்தார். கழுத்தில் ஓம், சிலுவை, பிறை மூன்றும் கிடந்தன. வாடிக்கையாளர்களிடம் பேதம் பார்க்காதவர்.

அவருடைய கருவி ஒரு பித்தளைத் தூக்குக் குண்டு. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அதுதான். கொத்தனார் கையில் இருக்கும்போது ஆடாமல் நிற்பதுதான் அதன் வேலை. சித்தர் கைக்கு வந்த பிறகு ஆடுவதே வேலையாகிவிட்டது. வலமாகச் சுற்றினால் சுத்தம். இடமாகச் சுற்றினால் சூனியம். முன்னும் பின்னும் ஆடினால் அடுத்த வாரம் வர வேண்டும்.

தொழிற்சாலை வாசலில் சூடம் வைத்தார்கள். சித்தர் மடியிலிருந்து லைட்டரை எடுத்துக் கொளுத்தினார். தீப்பெட்டி செய்து பிழைக்கும் ஊரில், தீப்பெட்டித் தொழிற்சாலை வாசலில், லைட்டர். கூட்டம் அதையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தீப்பெட்டிக்குள் சூனியம் புகுந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் ஊருக்குக் கிழக்கே உள்ள ஒரு பாலிடெக்னிக்கிலிருந்து பன்னிரண்டு மாணவர்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்தார்கள். உற்பத்தித் தர உறுதி அவர்கள் பாடம். நான்கு வாரம் நேரடிப் பயிற்சி. கூட வந்த விரிவுரையாளர் மாதவன் வாசலில் ஒரு பேனர் கட்டினார். ‘ஜீரோ டிபெக்ட்’ என்பதைத் தமிழில் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அகராதியைப் பார்த்தார். ஜீரோவுக்குச் சூனியம் என்று இருந்தது. டிபெக்டுக்குக் குறைபாடு. இரண்டையும் சேர்த்துப் பெரிய சிவப்பு எழுத்தில் எழுதினார்.

‘சூனியக் குறைபாடு! தொழிற்சாலை முழுவதும் கொண்டுவருவோம்!’

அகராதிப்படி ஒரு பிழையும் இல்லை.

வியாழக்கிழமை சரக்கு திரும்பி வந்ததும் காவலாளி பேனரை இரண்டாம் முறை படித்தார். அரை மணி நேரத்தில் தொழிற்சாலை முழுவதும் படித்துவிட்டது.

“படிச்ச வாத்தியாரே போர்டு எழுதி வச்சிருக்காரு!” என்றார் ஆறுமுகசாமி. “காலேஜ்காரவுக மூணே நாள்ல கண்டுபுடிச்சிட்டாவ. பதினெட்டு வருசமா தொழில் பண்ணுதேன், எனக்குத் தெரியலயே!”

மாதவன் பதறிப்போனார். “அண்ணாச்சி, அது அந்தச் சூனியம் இல்ல. சூனியம்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்.”

“ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டுப் பெரிய போர்டு?”

ஆறுமுகசாமி சித்தருக்குப் போன் போட்டார்.

சித்தர் மேல் அவருக்குப் பிரியம் வர இன்னொரு காரணமும் இருந்தது. பயிற்சியின் முதல் நாளே ரூபினா என்ற மாணவி, மெயின் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாரூக்கின் மகள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குச்சியைக் கிழித்துச் சோதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

“கிழிச்ச குச்சிய யாருக்கும்மா விக்க?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

“எல்லாத்தையும் கிழிக்க வேண்டாம் அண்ணாச்சி. அங்கன இங்கன எடுத்த முப்பத்திரண்டு போதும்.”

“அந்த முப்பத்திரண்டும் நஷ்டம்தானே?”

சித்தரோ ஒரு குச்சியைக்கூடக் கிழிக்காமல் சொல்லிவிடுவார். சிக்கனமான தரச் சோதனை.

வெள்ளிக்கிழமை சித்தர் முதலில் அலுவலக அறையில் ஒரு மணி நேரம் காபி குடித்தார். மேசை மேல் நாக்பூர் கடிதம் விரித்தபடி கிடந்தது. எந்தப் பண்டலை எந்தத் தொழிலாளி அடைத்தார் என்று காட்டும் சீட்டு எண்கள் அதில் இருந்தன. நாற்பதில் இருபத்தொன்பது, பதினாலாம் எண். பிறகு சித்தர் ஞானத்தோடு வெளியே வந்தார். பெட்டி அடைக்கும் கூடத்தில் வரிசையாகக் குண்டை ஆட்டிக்கொண்டே போனார். பதினாலாம் இடத்தில் குண்டு இடமாகச் சுற்றியது.

“இந்தக் கைதான்!” என்றார் சித்தர். “இது சூனியக் கை.”

அந்தக் கை முப்பிடாதியின் கை. பதினோரு வருடமாக அங்கே பெட்டி அடைக்கும் பெண். அதற்கு முன் அந்தக் கையைப் பற்றி யாரும் பேசியதில்லை, வேகமான கை என்பதைத் தவிர.

“ஏன் சாமி,” என்றார் முப்பிடாதி, “எனக்குச் சூனியம் வைக்கத் தெரிஞ்சா இந்தத் தீப்பெட்டிக்கா வைப்பேன்? ஊர்ல வைக்கதுக்கு ஆளா இல்ல?”

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மத்தியானம் தண்ணீர்க் குடத்தில் அவர் மொண்ட பிறகு யாரும் மொள்ளவில்லை. சாயங்காலம் ஆறுமுகசாமி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “புதன்கிழம சாமி சூனியத்துக்குக் கழிப்பு எடுக்காரு. எல்லார் முன்னாலயும் நின்னு, என் கையிலதான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. அதுவரைக்கும் வேலைக்கு வராத.”

அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலையும் முப்பிடாதியை உள்ளே விடாது. சொல்லாவிட்டால் இந்த வேலை போய்விடும். ஐந்து நாள் அவகாசம்.

சனிக்கிழமை ரூபினா காய்ச்சல் அறைக்குப் போனாள். மருந்தில் தோய்த்த குச்சிகளைச் சட்டத்தோடு அடுக்கிக் காயவைக்கும் அறைக்கு அங்கே அதுதான் பெயர். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஐந்து குச்சி எடுத்துக் கிழித்தாள். அறையின் படம் வரைந்து, எரியாத குச்சி எங்கிருந்து வந்ததோ அங்கே ஒரு புள்ளி வைத்தாள். திங்கட்கிழமை வரை வைத்தாள். புள்ளிகள் எல்லாம் ஒரே மூலையில் எறும்பு மாதிரி மொய்த்தன. வடமேற்கு மூலை. அந்த அடுக்குகளுக்கு நேர் வெளியேதான் முப்பிடாதியின் இடம். பக்கத்தில் இருக்கிறதே என்று அந்தக் குச்சியைத்தான் அவருக்குக் கொடுப்பார்கள்.

படத்தை ஆறுமுகசாமியிடம் காட்டினாள். “முப்பிடாதி அக்கா கை படுததுக்கு முன்னாடியே எரியல அண்ணாச்சி.”

“அவ காத்துப் பட்டிருக்கும்.”

“மூணு நாளா அவிய இந்தப் பக்கமே வரலயே.”

“அதெல்லாம் உனக்குப் புரியாது தாயி. உன் மாமன் கையில என்ன கயிறு கட்டியிருக்குன்னு போய்ப் பாரு.”

பார்க்க வேண்டியதில்லை. அதுவும் சித்தர் கட்டிய கயிறுதான், ரூபினாவுக்குத் தெரியும்.

புதன்கிழமை கூட்டம் ஐந்நூறைத் தாண்டியது. போன வாரத்து மோட்டார்காரரும் மறுபடி வந்திருந்தார். சித்தர் இப்போது இரண்டு வகை அரைஞாண் கயிறு விற்றார், பச்சை ஒன்று, கறுப்பு ஒன்று. மாதவனின் நோட்டீசில் தரப் பயிற்சியின் படிநிலைகளை ‘கிரீன் பெல்ட், பிளாக் பெல்ட் பயிற்சி’ என்று போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். தரத்துக்கான கல்லூரிப் படிப்பை ஐந்தே நாளில் இடுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். கறுப்புக்கு விலை அதிகம்.

முப்பிடாதியும் வந்து கூடத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ரூபினா சித்தரிடம் போய்ப் பணிவாகக் கேட்டாள். “சாமி, இங்கன உள்ள தராசு, வெப்பமானி எல்லாத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம். சோதிச்ச கருவின்னு. தணிக்கைக்கு வாரவங்க அதத்தான் முதல்ல பாப்பாங்க. உங்க குண்டுக்கும் ஒண்ணு ஒட்டணும்.”

சித்தர் முகம் மலர்ந்தது. கல்லூரி ஸ்டிக்கர் ஒட்டிய குண்டோடு இன்னும் எத்தனை தொழிற்சாலைக்குள் போகலாம்!

“ஒட்டும்மா. என்ன சோதிக்கணும்?”

“பத்துப் பெட்டி வைக்குதேன். எதுல சூனியம்னு சொல்லுங்க.”

பெட்டிகளின் அடியில் எண் எழுதிய சீட்டு இருந்தது. குண்டு ஆடியது. நான்கு பெட்டியில் சூனியம். மாதவன் குறித்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. டீ வந்தது.

சித்தர் டீ குடிக்கும்போது ரூபினா பெட்டிகளை அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். “அண்ணாச்சி, நீங்களே சீட்ட மாத்தி ஒட்டுங்க. பெட்டி அதேதான். சாமிட்ட மட்டும் சொல்லாண்டாம்.”

“சொல்லாட்டியும் அவருக்குத் தெரிஞ்சிரும்,” என்றார் ஆறுமுகசாமி. முழு நம்பிக்கையோடு ஒட்டினார். எந்தப் பழைய எண் எந்தப் புது எண்ணானது என்று ரூபினா குறித்துக்கொண்டாள்.

இரண்டாம் சுற்று. குண்டு ஆடியது. ஐந்து பெட்டியில் சூனியம். மாதவன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். முதல் சுற்றில் மாட்டிய நான்கில் ஒன்றுதான் இரண்டாம் சுற்றிலும் மாட்டியிருந்தது. டீ குடிக்கும் நேரத்துக்குள் மூன்று பெட்டியைச் சூனியம் விட்டுவிட்டது, நான்கு பெட்டியைப் புதிதாகப் பிடித்துவிட்டது.

“அதே பெட்டியா?” என்றார் சித்தர். பிறகு சுதாரித்தார். “சூனியம் ஒரு இடத்துல நிக்குமா? நடமாடும்.”

“அப்ப ரெண்டு தடவையும் ஒரே பெட்டியில நின்னுச்சே, அது பலமான சூனியமா சாமி?” என்றாள் ரூபினா.

“ஆமா! மகா பலம்! அத மட்டும் தொடாதீங்க!”

“தொட்டுப் பாத்துருவோம்.”

திறந்தாள். குச்சிகளை ஒவ்வொன்றாகக் கிழித்தாள். எரிந்தது. எரிந்தது. கடைசிக் குச்சி வரை எரிந்தது. பெட்டியின் உள்தட்டில் நீல மையில் ஒரு கையெழுத்து இருந்தது. ரூபினா அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். ஆறுமுகசாமியின் கையெழுத்து. அன்று காலை, பத்தில் ஒன்றை நீங்களே அடைத்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று ரூபினா கேட்டிருந்தாள். போட்டிருந்தார்.

முப்பிடாதிதான் வாயைத் திறந்தார்.

“அப்ப முதலாளி, நீங்களும் நாளையிலருந்து வேலைக்கு வராதீங்க.”

சிரிப்பு கூரையை இடித்தது. வெள்ளிக்கிழமை நகர்ந்து உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

ஆறுமுகசாமி யாரையும் பார்க்காமல் காய்ச்சல் அறைக்குள் போனார். வடமேற்கு மூலையில் ஒரு சட்டத்தைத் தொட்டார். மருந்து விரலில் ஒட்டியது. சுவரைப் பார்த்தார். ஜன்னல் இருந்த இடத்தில் புதுச் செங்கல்.

“இத யாரு அண்ணாச்சி அடைச்சது?” பின்னாலேயே வந்த மாதவன் கேட்டார்.

“ஐப்பசி பொறக்கும்போது சாமிதான் வாஸ்து பாத்து அடைக்கச் சொன்னாரு. வாயு மூலையில காத்து வரப்பிடா...”

வாயு என்றால் காற்று. அந்தத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் குச்சி காய்ந்தது அந்தக் காற்றில்தான்.

வெளியே வந்தபோது சித்தர் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மாதவன் ஓடிப்போய், ஒப்புக்கொண்டபடி குண்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார். சிவப்பு ஸ்டிக்கர். ‘பயன்படுத்தத் தகுதியற்றது.’

அப்போதும் மோட்டார்காரர் காரை மறித்தார். “சாமி, எனக்கு மட்டும் பாத்துட்டுப் போங்க.” சாமி நிற்கவில்லை. தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் மோட்டாரைத் திறந்து, கருகிய கம்பிச்சுற்றைக் காட்டினார். இரண்டு தடவை டிராக்டரில் வந்த மோட்டாரை அதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. குண்டைச் சோதிக்கப் பத்துப் பெட்டி போதுமாக இருந்தது. குண்டுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஐந்நூறு தலைகளைத் திறக்க எத்தனை பெட்டி வேண்டும் என்பதற்கு ரூபினாவின் பாடப்புத்தகத்தில் கணக்கு இல்லை. அவரவர் வீட்டில் அவரவரே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு அது.

ஆறுமுகசாமி முப்பிடாதியைத் தனியாகக் கூப்பிட்டு, “திங்கக்கிழம வந்துரு” என்றார்.

“கூட்டம் முன்னாலதான என்ன ஒத்துக்கச் சொன்னீங்க, முதலாளி? கூட்டம் போட்டே சொல்லுங்க.”

கூட்டம் போட்டுச் சொன்னார். தன் வாயால், தப்பு என்னுடையது என்று சொன்னார்.

மறுநாள் செங்கல்லை எடுத்தார்கள். மாதவன் பேனரை இறக்கி, ‘குறையில்லா உற்பத்தி’ என்று வேறு எழுதிக் கட்டினார்.

நவம்பர் 25, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு முப்பிடாதி வேலைக்கு வந்தார். அன்று அவர் அடைத்த பெட்டிகளிலிருந்து முப்பத்திரண்டு குச்சிகள் எடுத்துக் கிழித்தார்கள். முப்பத்தொன்று எரிந்தன. ஒன்று எரியவில்லை. ஏன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.