நெருப்பு என்றால் மிகச் சிறப்பு

எழுத்து தோன்றிய நாள்முதல் மனிதகுலம் தவம் கிடந்ததெல்லாம் ஓர் ஆவண மாற்றி மென்பொருளுக்காகத்தான். அந்தப் பாக்கியம் ஒரு திங்கட்கிழமை அந்த ஏழு மாடி அலுவலகத்துக்குக் கிட்டியது. இனி யாரும் மேலாளருக்கு நேரடியாக எதையும் எழுதக்கூடாது. குறுஞ்செய்தியானாலும் மாற்றிக்குள் போய், ஓரம் ஒழுங்குபட்டு, "முறையான" ஆவணமாகத்தான் அவர் மேசைக்கு வரவேண்டும்.

அதைச் சோதிக்கும் திருப்பணி பரிசோதகிக்கு வாய்த்தது. இமோஜி வந்தால் என்ன செய்கிறது என்று பார்த்தாள். நெருப்புப் படம் போட்டால் "தீ" என்று அச்சடித்தது.

மேலாளர் முகம் சுருங்கியது. "என்னம்மா இது? நேத்து என் பேச்சுக்கு எல்லாரும் நெருப்புப் படம் போட்டிருக்காங்க. இது 'உங்கள் உரை தீ'ங்குது!"

"படம் அதுதானே சார்?"

"பாராட்டும்மா அது! 'மிகச் சிறப்பு'ன்னு மாத்து."

"நிஜமாவே தீப்பிடிச்சா சார்?"

"தீப்பிடிச்சவன் உக்காந்து படம் போட்டுக்கிட்டா இருப்பான்?"

மாற்றினாள். சோதனை வெற்றி என்று கையெழுத்தும் போட்டாள்.

வியாழக்கிழமை மூன்றாம் மாடிக் கிடங்கில் புகை கிளம்பியது. கிடங்குக்காரர் உள்ளே மாட்டிக்கொண்டார். இருமலில் பேச்சு வரவில்லை; கண்ணெரிச்சலில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. கைக்கு அகப்பட்டதைத் தட்டி மேலாளருக்கு அனுப்பினார்: "மூணாம் மாடி 🔥🔥🔥 கதவு திறக்கல 🙏"

மாற்றி தன் கடமையில் இம்மியும் பிசகவில்லை.

மூன்றாம் மாடி
• மிகச் சிறப்பு
• மிகச் சிறப்பு
• மிகச் சிறப்பு
கதவு திறக்கவில்லை. நன்றி.

மேலாளர் உருகிப்போனார். "கதவைக்கூடத் திறக்காம வேலை பார்க்கிறான்யா!" என்று பாராட்டு மடல் எழுத உட்கார்ந்தார்.

பரிசோதகியின் திரையில் மூலமும் ஆவணமும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். பார்த்தவள் நாற்காலி கவிழ எழுந்தாள். "தீ! எல்லாரும் வெளியே போங்க! கிடங்கு அண்ணன் உள்ள மாட்டிக்கிட்டாரு!" என்று படிக்கட்டெல்லாம் கத்திக்கொண்டே இறங்கினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த மின்பணியாளரும் அவளுமாகக் கதவை உடைத்தார்கள். கரி பூசிய முகத்தோடு கிடங்குக்காரர் வெளியே வந்து விழுந்தார்.

"படம் போட்டேனேம்மா, யாரும் பார்க்கலையா?"

"பார்த்தாங்கண்ணே. ரசிச்சாங்க."

தெருவில் முதல் ஆளாக மேலாளர் நின்றிருந்தார், கையில் பாராட்டு மடலுடன்.

விசாரணைக் குழு கூடியது. மாற்றி தந்த ஆவணத்தைத் தடவித் தடவிப் பார்த்தது. எழுத்துப்பிழை இல்லை, ஓரம் கோணவில்லை. உயிர்ச்சேதம் இல்லாததையும் குழு பெருந்தன்மையோடு மன்னித்தது. பரிசோதகிக்கு மட்டும் விளக்கம் கேட்டு ஆணை வந்தது:

"உரிய வடிவத்தில் மேலாளருக்குத் தெரிவிக்காமல், தலைப்போ பத்தியோ இன்றி, ஊழியர்களைத் தாங்கள் நேரடியாகக் காப்பாற்றியது ஏன்?"