நடுவில் மாட்டிக்கொண்ட ‘தின்னு’

“இன்னாண்ணா, சாம்பாரப் பார்த்து உச்சுக் கொட்டுற?” என்று கூட வேலை பார்க்கும் காவேரி சிரித்தாள். கேன்டீன் மாஸ்டர் கரண்டியோடு முறைத்தார்.

பாண்டுரங்கன் சாம்பாரைக் குறை சொல்லவில்லை. ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரகடத்து லாரித் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்காக நமீபியாவிலிருந்து வந்தவன் பெத்ருஸ். அவன் தாய்மொழியான நாமாவில் பாதிச் சொற்களுக்கு நாக்கைச் சொடுக்க வேண்டும். நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறான். அதற்குள் அவன் மொழியிலேயே “சாப்டியா?” என்று ஒரு தடவை கேட்டுவிடத் துடித்தார் பாண்டுரங்கன்.

காரணம் இருந்தது. வாலிபத்தில் மஸ்கட்டில் வெல்டராக இருந்தபோது, தமிழே காதில் விழாமல் மாதக்கணக்கில் ஓடியது. ஒருநாள் பெட்டிக்கடை வாசலில் முன்பின் தெரியாத ஒருவர், “தம்பி, சாப்டியா?” என்றார். இவர் நடுத்தெருவில் ஓவென்று அழுதுவிட்டார். அந்த ஆளின் முகம் மறந்துவிட்டது. குரல் மட்டும் இன்னும் காதிலேயே இருக்கிறது.

போனில் தேடி நீ, சோறு, தின்னு என்று சொற்களைப் பிடித்துவிட்டார். எதற்குப் பின் எது என்பதுதான் வம்பு.

“ஃபாரின் பாஷைம்மா. இங்கிலீஷ் மாரி ‘தின்னு’ நடுவுலதான் வரும்,” என்று எல்லாம் தெரிந்தவர் போலச் சொல்லிவிட்டு எழுந்தார்.

பெத்ருஸ் எதிரே போய், அவன் மொழியில், “நீ தின்னு சோறு?” என்றார்.

பெத்ருஸ் விழித்தான். மனிதருக்குப் பசி போலிருக்கிறது என்று தன் தட்டை நகர்த்தினான்.

“நீ சாப்பிடு சோறு, அண்ணா.”

அவன் தமிழ் எப்போதுமே இப்படித் தலைகீழாகத்தான் வரும். எல்லோரும் அவனிடம் ஆங்கிலத்தில் பேசினால் தமிழ் எங்கிருந்து வரும்?

பாண்டுரங்கன் வரிசையை மாற்றி, “தின்னு நீ சோறு?” என்றார். அப்பளம் வந்தது. “சோறு தின்னு நீ?” என்றார். தயிரும் வந்து சேர்ந்தது. சாப்பிட்டாயா என்று கேட்கப் போய், பெத்ருஸ் அன்று பட்டினி.

மறுநாள் காலை பெத்ருஸ் தங்கியிருந்த சுங்குவார்சத்திரம் லாட்ஜ் வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது. வழியனுப்பக் காவேரியும் வந்திருந்தாள். பெத்ருஸ் கதவைத் திறந்துவிட்டான். பதற்றத்தில் பாண்டுரங்கனுக்குப் படித்த வரிசையெல்லாம் மறந்துபோய், அவன் மொழிச் சொற்கள் நம் ஊர் வாய்க்கு வருகிறபடியே வந்தன.

“நீ சோறு தின்னு?”

பெத்ருஸ் பையைக் கீழே போட்டான். கண் நிறைந்துவிட்டது. அவரைக் கட்டிக்கொண்டு தன் மொழியில் மளமளவென்று கொட்டினான். ஒரு சொல்லும் புரியாமல் இவரும் அழுதார். மறுபடி அந்தப் பெட்டிக்கடை வாசலில் நிற்பது போலவே இருந்தது அவருக்கு.

பிறகு அவன் காவேரியிடம் ஆங்கிலத்தில் நெடுநேரம் ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

“இன்னாம்மா சொல்லிட்டுப் போறான்?”

காவேரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். “அவங்க பாஷையிலயும் நம்ம மாரியே ‘தின்னு’ கடைசிலதான் வருமாம்ணா. தமிழு இங்கிலீஷ் மாரின்னு நெனச்சிகினு அவனும் இத்தினி நாளா மாத்தி மாத்திப் பேசிகீறான். ரெண்டு பேரும் யாருக்கோசரம்ணா தலகீழா நின்னுகினு இருந்தீங்க?”