பின்னால் மட்டுமே போன அத்தானின் கார்

தன்னம்பிக்கை அதிகமாக இருப்பவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள்.

பவர் டில்லரைப் பிரித்து மாட்டிய தைரியத்தில், நன்னிலம் பக்கத்து எங்கள் ஊருக்கே நான்தான் இன்ஜினீயர் என்று திரிந்த வயது (படித்தது பி.காம்). அக்காவைத் தலைப்பிரசவத்துக்குக் கொண்டுவந்து விட்ட அத்தான், தன் பழைய ஆட்டோமேட்டிக் காரையும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுச் சென்னைக்குப் போயிருந்தார். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறும், வண்டி யோசித்து யோசித்து நகரும். "கியர்பாக்ஸுக்குள்ள கிளட்ச் தட்டு தேஞ்சிருக்கும் அத்தான், நானே மாத்திடுறேன்" என்று போனில் வாயைக் கொடுத்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், தை மாசத்துப் புதன்கிழமை ஒன்றில், நல்ல நேரத்தில் அதே காரில் அக்காவை அழைத்துப்போவதாக ஏற்பாடு. அத்தான் என்னை நம்பினார். பாவம், நல்ல மனிதர்.

நாலு பேர் சேர்ந்து கியர்பாக்ஸை இறக்கினோம். உள்ளே, முன்னால் போகும் கியருக்கான டிரம்மில் இரும்புத் தட்டு ஒன்று, உராயும் பட்டை ஒட்டிய தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருந்தது. பட்டைத் தட்டுகளைப் புதிதாக வாங்கி, வீடியோவில் சொன்னபடி ஆயிலில் ஊறப்போட்டேன். இரும்புத் தட்டுகள் ஆறையும் கழுவி, வாசல் ரோட்டில் காயவைத்தேன். எங்கள் ஊரில் ஈரமானது எதுவும் ரோட்டில்தான் காயும். பக்கத்திலேயே எங்கள் நெல்லும் காய்ந்துகொண்டிருந்தது.

மத்தியானம் திடீரென்று கிழக்கே கறுத்தது. "மழை வருதுடா" என்று அப்பா குரல் கொடுத்ததும் தெருவே ஓடி வந்தது. எங்கள் பக்கத்தில் மேகம் கறுத்தால் மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். நானும் பலகையை எடுத்து, முன்னால் கிடந்ததையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளிக் குவித்தேன். அள்ளி மூட்டை கட்டி டிராக்டரில் ஏற்றி, அது கொள்முதல் நிலையத்துக்குப் போன பிறகுதான் தட்டுகளின் ஞாபகம் வந்தது. ரோட்டோரத்தில் ஐந்து கிடைத்தன. ஆறாவது நெல்லோடு போய்விட்டது. அதை அப்பாவிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஒரு தட்டு குறைந்தால் குடியா முழுகிவிடும் என்று ஐந்தை வைத்தே மாட்டி மூடினேன். ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

புதன்கிழமை வந்தது, சென்னையிலிருந்து அத்தானும் வந்தார். அக்கா குழந்தையோடு ஏறினாள், ஆரத்தி சுற்றினார்கள், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் கியரை முன்னால் போட்டார். இன்ஜின் அலறியது, வண்டி அசையவில்லை. என் பேச்சைக் கேட்டு ரிவர்ஸ் போட்டார். அது அருமையாக வேலை செய்தது. வண்டி சர்ரென்று பின்னால் போய் வைக்கோல் போரில் பாதி வரை புகுந்து நின்றது.

அப்பா ஜன்னலுக்குள் குனிந்து, "மெட்ராஸ் வரைக்கும் இப்படியே பின்னாலயே போயிட முடியுமா மாப்பிள்ளை?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை அழுதது. நான் எங்காவது ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "கிளம்பின வண்டி பின்னால போயிடுச்சு. இன்னைக்கு அனுப்ப மாட்டேன் மாப்பிள்ளை. வேற நல்ல நாள் பாக்கணும்."

நல்ல நாள் பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதுவரை அக்காவை விட்டுவிட்டு அத்தான் தனியாகப் பஸ் ஏறினார், கியர்பாக்ஸ் தஞ்சாவூர் மெக்கானிக்கிடம் போனது. அந்தப் புதன்கிழமை மத்தியானம் ஊரே என்னைத் திட்டிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் என் இலையில் இரண்டு வடை கூடுதலாக வைத்தாள். அந்தப் பத்து நாளில்தான் குழந்தை முதல்முதலாகக் குப்புற விழுந்தான். எங்கள் கூடத்தில், அம்மா கண்ணெதிரே. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. லீவு முடிந்து அவர்கள் கிளம்பும்போதெல்லாம் அம்மா எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, "அத்தான் வண்டியக் கொஞ்சம் பாத்துக் குடேன்டா" என்பாள். அத்தான் உடனே சாவியை எடுத்து உள்பையில் போட்டுக்கொள்வார்.